செம்மஞ்சள் கைப்பட்டி

சித்தப்பாவுக்குப் பாரிசின் லா சப்பலில் ஒரு பயண முகவர் கடை இருந்தது. கடை என்று சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். உண்மையில் அது ஒரு கைத்தொலைபேசிக் கடையின் பின்பக்கத்தில் போட்டிருந்த மேசை. முன்னால் தொலைபேசி அட்டை வாங்க வந்தவர்கள், பின்னால் கொழும்புக்கும் திருச்சிக்கும் டிக்கெட் போட வந்தவர்கள், இரண்டுக்கும் நடுவில் சித்தப்பாவின் போட்டோக்கொப்பி மெசின். யார் என்ன பத்திரத்தோடு வந்தாலும், தேவையோ இல்லையோ, அவர் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வார். பின்னொரு நாள் உதவும் என்பது அவருடைய கொள்கை.

நான் இரட்டைப் பின்னலோடு ஒன்பது வயதில் திரிந்த வருடம், நத்தார் விடுமுறைக்கு அவர் புது வியாபாரம் ஒன்று கண்டுபிடித்தார். கப்பல். நோர்வேயின் மேல் நுனிவரை போய்த் திரும்பும் பத்து நாள் உல்லாசக் கப்பல். அந்தக் குளிரில் அந்தப் பக்கம் போக வெள்ளைக்காரருக்கே மனம் வராததால் விலை படுத்துக் கிடந்தது. அதைவிடப் பெரிய விசேஷம், பெற்றோரின் அறையில் தங்கும் பிள்ளைகளுக்குக் காசே இல்லை. "பிள்ளையளுக்குச் சும்மா, அண்ணை, சும்மா!" என்று சித்தப்பா கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். சும்மா கிடைப்பதை விடும் சாதி நாங்கள் இல்லை. லா சப்பலிலும் லெ பிளாங்-மெனிலிலும் பியர்ஃபித்திலுமாக ஏழு குடும்பங்கள் பெயர் கொடுத்தன.

முதல் பெயர் கொடுத்தவர் அப்பா. இதில் எல்லாருக்கும் ஆச்சரியம். அவர் ஒரு உணவகத்தில் சமையல் வேலை செய்தார். நத்தார் நாட்களில் லீவு எடுத்ததே இல்லை. அம்மாவுக்கோ ஒவ்வொரு வருடமும் நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் தலையிடி வரும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். குளிருக்கு வருகிற தலையிடி என்று எனக்கும் தம்பிக்கும் சொல்லியிருந்தார்கள். குளிருக்குத் தலையிடி வருகிற ஒருவரை அதைவிடக் குளிரான இடத்துக்கு அப்பா ஏன் கூட்டிப்போகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பெயர்களைப் பதிந்தவர் சித்தப்பா அல்ல. அவருக்கு டைப் அடிப்பது ஒத்துவராது. வார இறுதியில் வந்து உதவும் பாண்டிச்சேரி ஐயா ஒருவர் இருந்தார். ஆயுள் முழுக்க பிரெஞ்சு அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்திரத்தில் இருப்பதில் ஒரு புள்ளியைக்கூட விடமாட்டார். சித்தப்பா தன்னிடம் இருந்த பிரதிக் கட்டை அவரிடம் கொடுத்து, "எல்லாத்தையும் அடியுங்கோ ஐயா" என்றார். ஐயா எல்லாவற்றையும் அடித்தார்.

லா சப்பலிலிருந்து பஸ்ஸில் போய், வடக்கே, எல்லைக்கு அப்பால் ஒரு துறைமுகத்தில் இறங்கினோம். ஏழு குடும்பங்கள், ஏழு ரைஸ் குக்கர்கள். பாதுகாப்புச் சோதனையில் ஏழையும் பறித்து, ரசீது கொடுத்து, ஒரு கூண்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். திரும்பி வரும்போது தருவார்களாம். அந்தத் துக்கத்தில் பெரியவர்கள் இருந்ததால், கப்பல் வாசலில் எங்கள் குடும்பத்தின் பேச்சு வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது. அங்கே நின்ற அதிகாரி எங்கள் குடும்பத்துக்கான கடித உறையைத் திறந்து, உள்ளே ஆளுக்கொன்றாக இருந்த கப்பல் அட்டைகளை மெசினில் காட்டினார். அது ஐந்து முறை கீச்சிட்டது. "எல்லாரும் வந்துவிட்டீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்பா, அம்மா, தம்பி. "எல்லாரும் வந்துவிட்டோம்" என்றேன்.

அறைக்குள் போய்த்தான் அம்மா அந்த உறையை மடியில் கொட்டினார். அட்டைகளோடு பிள்ளைகளுக்கான கைப்பட்டிகளும் இருந்தன. பன்னிரண்டு வயதுவரை நீலம், அதற்கு மேல் செம்மஞ்சள். நீலத்தில் இரண்டு, எனக்கும் தம்பிக்கும். செம்மஞ்சளில் ஒன்று. அதில் எங்கள் குடும்பப் பெயருக்கு முன்னால் நான் கேள்விப்படாத ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

அம்மா அதைக் கையில் எடுத்தவர் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார். அப்பா எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது.

"பிழையாப் போட்டிட்டாங்கள். இரும், நான் கீழை குடுத்து அழிப்பிச்சுப்போட்டு வாறன்" என்றார்.

"வேண்டாம்" என்றார் அம்மா. பட்டியைத் திரும்ப உறைக்குள் வைத்து, "அழிக்க வேண்டாம். கிடக்கட்டும்" என்றார்.

"ஆரப்பா இது?" என்று கேட்டேன்.

"சித்தப்பான்ர பிழை" என்றார் அப்பா.

எனக்கு அது போதுமான விளக்கமாக இருந்தது. சித்தப்பாவின் தந்திரங்கள் எனக்குத் தெரியும். பெரிய அறை வாங்குவதற்காக இல்லாத ஒரு ஆளை உண்டாக்கியிருக்கிறார் என்று நினைத்து, மனதுக்குள் அவரை மெச்சினேன். உண்மையாகவே அறை பெரிதாகத்தான் இருந்தது. எங்கள் இரண்டு தட்டுக் கட்டில்களுக்கும் பக்கத்தில், கதவோரமாக, ஐந்தாவதாக ஒரு மடிப்புக் கட்டில் விரித்து வெள்ளைத் துணி போட்டிருந்தது.

அறை துப்புரவாக்குபவர் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளின் கட்டில்களில் துவாயை மடித்து ஒரு மிருகம் செய்து வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் அன்னம், ஒரு நாள் யானை, ஒரு நாள் முயல். எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, மடிப்புக் கட்டிலில் ஒன்று. அதன் காலடியில் ஒரு சொக்கலேற். யாருக்கும் இல்லாத சொக்கலேற்தானே என்று முதல் நாள் கை வைத்தேன். "அதைத் தொடாதை" என்று அம்மா போட்ட சத்தத்தில் தம்பி அழுதுவிட்டான்.

இரண்டாம் நாளுக்குப் பிறகு சூரியன் வரவில்லை. அந்த இடத்தில் மார்கழியில் சூரியன் எழும்புவதே இல்லை என்பதை சித்தப்பா யாருக்கும் சொல்லியிருக்கவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. மத்தியானம் ஒரு மணித்தியாலம் கடலும் மலையும் நீலமாகத் தெரியும். பிறகு கறுத்துவிடும். மேல்தளமெல்லாம் பனிக்கட்டி, கதவுகளுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் இல்லை, அந்த ஒன்றுமில்லாததுக்குள் கப்பல் போய்க்கொண்டே இருந்தது.

பிள்ளைகளைச் சந்தோஷமாக வைத்திருப்பது தன் பொறுப்பு என்று சித்தப்பா பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். லா சப்பலிலிருந்து கரம் போர்ட் சுமந்து வந்திருந்தார். கப்பல் சரிந்தபோது காய்களெல்லாம் ஒரே மூலைக்கு ஓடின. சரிந்த பக்கம் இருந்தவர்கள் வென்றார்கள். பாட்டுக்குப் பாட்டு வைத்தார். பெரிய பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டு ஒரு வரிக்கு மேல் தெரியவில்லை. பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் ஒளிச்சுப் பிடிச்சு. எல்லா நடைபாதையும் ஒரே மாதிரி இருந்ததால் ஒளித்தவர்கள் மட்டுமல்ல, பிடிக்கப் போனவர்களும் காணாமற் போனார்கள். சித்தப்பாவையே ஒரு பணிப்பெண் கூட்டி வந்து விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

நீலப் பட்டிக்காரருக்குக் கீழ்த்தளத்தில் ஒரு அறை. அங்கே வெள்ளைக் கரடிக்கு நிறம் தீட்டச் சொன்னார்கள். வெள்ளைக் கரடிக்கு என்ன நிறத்தைத் தீட்டுவது? ஐந்து வயதுத் தம்பிக்கு அது பிரச்சினையாக இல்லை. அவன் பச்சை தீட்டினான். எனக்கு அவமானமாக இருந்தது. செம்மஞ்சள் பட்டிக்காரருக்கோ மேலே, ஆக உயரத்தில், கண்ணாடிச் சுவர் வைத்த அறை. மேசைக் கால்பந்து, நடனப் பாய், வீடியோ விளையாட்டு, பெரியவர்களுக்குத் தடை. சித்தப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, பதினான்கு வயது, அங்கிருந்து வரும்போது முகத்தில் ஒரு ராசகளை தெரியும்.

நாலாம் நாள் அம்மா கண்ணில் ஈரத்துவாயைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது, உறைக்குள் இருந்த செம்மஞ்சள் பட்டியை எடுத்து இடது கையில் மாட்டினேன். அது கிளிக் என்றது. வலது கையில் ஏற்கெனவே நீலம் இருந்தது. இந்தப் பட்டிகளை மாட்டினால் கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டும் என்பது மாட்டிய பிறகுதான் தெரிந்தது. இரண்டு கையையும் கம்பளிச் சட்டைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு மேலே போனேன்.

வாசலில் ஒரு பெண் கையில் பட்டியலோடு நின்றார். பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுவதே அவருக்கு வேலை. பெயர் கேட்டார். அந்தப் பெயரைச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நீதானா! நாலு நாளாக ஒவ்வொரு காலையும் உன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். எங்கே போயிருந்தாய்?"

நான் கீழே கரடியோடு மாரடித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், இங்கே ஒருத்தியைக் கூப்பிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். ஆனாலும் உள்ளே நடனப் பாய் மின்னிக்கொண்டிருந்தது. போய்விட்டேன். நான் வயதுக்கு மிஞ்சிய உயரம். அதோடு எங்கள் ஆட்களின் வயதைக் கண்டுபிடிக்க அந்தப் பெண்ணால் முடியவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தான். அவனுடைய மௌனத்துக்கு என் இரவுச் சாப்பாட்டின் இனிப்பு விலையாகப் போனது.

அங்கே எல்லாரும் எல்லாரையும் விசாரித்தார்கள். பதினைந்து வயது ஆகப்போகிற ஒருத்தி எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். லீசேயில், பெரிய பிள்ளைகளின் பள்ளியில், படிக்கிறேன். குதிரை ஓடத் தெரியும். நாய்க்குப் பயம். வலது கையில் இருந்த நீலப் பட்டியை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அந்தக் கையைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவில்லை. எழுதுவது, தின்பது, பந்தடிப்பது எல்லாம் இடது கையால். ஒரு நாளில் எனக்கு அது பழகிவிட்டது. அவர்கள் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் பழகிவிட்டது. ஒருமுறை யாரோ கூப்பிட்டபோது, நான் திரும்புமுன் வேறு யாரோ திரும்பியது போல இருந்தது.

ஆறாம் நாள் இரவுச் சாப்பாட்டில் விளக்குகளைக் குறைத்தார்கள். பரிசாரகர்கள் வரிசையாகப் பாட்டுப் பாடிக்கொண்டு ஒரு கேக்கைத் தூக்கி வந்தார்கள். யாருக்கோ பிறந்தநாள் என்று நானும் கை தட்டினேன். அவர்கள் மேசை மேசையாகக் கடந்து எங்கள் மேசையில் வந்து நின்றார்கள். முன்னால் அந்த மேல் அறைப் பெண். கேக்கில் சொக்கலேற்றால் அந்தப் பெயர். பதினைந்து மெழுகுதிரிகள். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதியும் இருக்கும் என்று நான் எங்கே யோசித்தேன்?

அந்தப் பெண் என்னைக் கட்டிப் பிடித்து, இடது கையைத் தூக்கிக் காட்டினார். சட்டைக் கை சரிந்தது. அம்மா பட்டியைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். மண்டபம் முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாடிக்கொண்டிருந்தது. அப்பா எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் அரைவாசியில் நின்றார். அடி விழப்போகிறது, அதற்கு முன் ஊதிவிடுவோம் என்று நான் குனிந்தேன். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது.

"ஊதாதை. தானா எரிஞ்சு முடியட்டும்."

நான் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். பரிசாரகர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாட்டை இரண்டாம் முறை பாடினார்கள். அதுவும் முடிந்தது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்து மேசைகளில் முள்ளும் கரண்டியும் மெல்ல மெல்லச் சத்தம் போடத் தொடங்கின. மெழுகு உருகிக் கிரீமில் ஓடியது. ஒவ்வொரு திரியாகச் சாய்ந்து, கறுத்து, புகைந்து முடிந்தது. கடைசித் திரி அணையும்வரை அம்மா இமைக்கவில்லை. அதற்குப் பிறகு கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்து என் வாயில் ஊட்டினார். ஊட்டும்போது அந்தப் பெயரைச் சொன்னார். "சாப்பிடம்மா" என்றார்.

இதை எழுதும் இப்போது எனக்கு எல்லாம் தெரியும். வாசிக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். வன்னியில் பிறந்தவள். அவளைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுத்தான் அப்பா பிரான்சுக்கு வந்தார். அகதிப் பத்திரத்தில் மனைவி, ஒரு மகள் என்று எழுதிக் கொடுத்தார். இருவரையும் கூப்பிட அனுமதி கிடைத்தபோது அவள் இல்லை. மூன்றரை வயதில், இடம்பெயர்ந்து இருந்த இடத்தில், காய்ச்சலில் போய்விட்டாள். இறப்புப் பத்திரம் கொடுக்க அங்கே அலுவலகமே இருக்கவில்லை. பத்திரம் இல்லாமல் இங்கே யாரும் ஒரு பெயரை வெட்டமாட்டார்கள். வெட்டச் சொல்லிக் கேட்க அம்மாவும் அப்பாவை விடவில்லை. அதனால் பிரெஞ்சு அரசாங்கம் தந்த குடும்பப் புத்தகத்தில், பிள்ளைகளுக்கான முதல் பக்கத்தில், அவள் சாகவில்லை. சித்தப்பாவின் மெசினுக்கும் பாண்டிச்சேரி ஐயாவுக்கும் பத்திரம் சொன்னதுதான் உண்மை. அம்மாவின் தலையிடி அவளுடைய பிறந்தநாளுக்கு வருவது. அதிலிருந்து அம்மாவைத் தூரக் கொண்டுபோகத்தான் அப்பா எங்களைக் கப்பலேற்றினார்.

அடுத்த நாள் அம்மாவுக்குத் தலையிடி இல்லை. அதுதான் எனக்கு முதலில் பயத்தைத் தந்தது. காலையிலேயே எழும்பி, எப்போதும் இரட்டைப் பின்னல் போடுபவர், எனக்கு ஒற்றைப் பின்னல் போட்டார். தன் தோட்டைக் கழற்றி என் காதில் மாட்டினார். "மேலை போட்டு வா" என்று அவரே அனுப்பினார். திரும்பி வந்ததும் கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் இருந்தார்.

"இண்டைக்கு என்ன செய்தவள்?"

"ஆரம்மா?"

"சொல்லு. என்ன செய்தவள்?"

நான் சொன்னேன். குதிரை ஓடுவாளாம், நாய்க்குப் பயமாம், எல்லாம் இடது கையால்தான் செய்வாளாம். இடது கை என்றதும் அம்மா என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"ஓம். அவள் இடக்கைதான். சோத்தையும் அந்தக் கையாலைதான் அள்ளுவாள். எவ்வளவு அடிச்சனான்..." என்றார். பிறகு, "உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

ஒருவரும் சொல்லவில்லை என்றேன். அது உண்மை. அந்த உண்மைதான் எங்கள் இருவரையும் கெடுத்தது. அதற்குப் பிறகு அம்மா என்னை இடது கையால் சாப்பிட விட்டார். மத்தியான இருட்டில் மடிப்புக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்து, தலைமாட்டில் துவாய் முயலை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் பார்ப்பது எனக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும் யாரையோ போல இருக்கும். எனக்கு மூச்சுவிடவும் பயம்.

எட்டாம் நாள் நான் மேலே போகவில்லை. பழைய சட்டையைப் போட்டு, ஒற்றைப் பின்னலை அவிழ்த்து, எனக்கு வராத இரட்டைப் பின்னலை நானே போட்டுக்கொண்டு அம்மாவிடம் வந்தேன். அறையில் வேறு ஒருவரும் இல்லை. அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"நானம்மா" என்று என் பெயரைச் சொன்னேன்.

அம்மா அன்பாகச் சிரித்தார். "நடுவிலாளோ? அவள் கீழை தம்பியோட கரடிக்குக் கலர் அடிக்கிறாள்" என்றார்.

நான் ஓடினேன். அப்பா தேநீர் குடிக்கும் இடத்தில் இருந்தார். அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை என்று சொல்லி விக்கி விக்கி அழுதேன். அப்பா என்னை மடியில் ஏற்றினார்; நெடுநாளாக அவர் அப்படிச் செய்ததில்லை.

"கப்பல் கரை சேருமட்டும் பொறு குஞ்சு. கரையிலை எல்லாம் சரியாயிடும்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு என்னைவிட அதிகமாக அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். கரை எங்கும் தெரியவில்லை.

மிச்ச இரண்டு நாளும் ஒவ்வொரு முறையும் அம்மா வாய் திறக்கும்போது எந்தப் பெயர் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பெயர் வரவில்லை.

இறங்கும் நாள் காலையில், பத்து நாளைக்கு முன் ஏறிய அதே வாசலில் வரிசையாக நின்றோம். ஒரு பெண் அதிகாரி அட்டைகளை வாங்கி மெசினில் காட்டினார். பக்கத்தில் நின்றவர் கத்தரிக்கோலால் பிள்ளைகளின் பட்டிகளை வெட்டி ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா, அம்மா, தம்பி. என் முறை வந்தது. நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

கத்தரிக்கோல்காரர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. கையில் இரண்டு அட்டை மிச்சம் இருந்தது. முன்னால் ஒரு பிள்ளை நின்றது. "இதில் நீ யார்?" என்று கேட்டார்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. அதில் இதற்குச் சொல் இருக்கவில்லை. பின்னால் வரிசை நெருக்கியது. சித்தப்பா எங்கேயோ ரைஸ் குக்கர்களுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். இங்கே அம்மா எந்தப் பெயரைச் சொன்னாலும் அதைத்தான் நான் சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெயரோடு பாரிசுக்குப் போக வேண்டி வந்தாலும்.

"நான் ஆர் எண்டு கேக்கினம் அம்மா."

அம்மா என் இடது கையைப் பிடித்தார். செம்மஞ்சள் பட்டியை விரலால் ஒருமுறை சுற்றித் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் அல்ல, என் முகத்தை.

"உன்ர பேரைச் சொல்லு, பிள்ளை."

சொன்னேன். மெசின் கீச்சிட்டது.

"அப்படியென்றால் மற்றவள்?" என்று அதிகாரி கேட்டார். நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கத் திரும்பினேன். அம்மா என்னைத் தாண்டி அவரிடம் நேராகப் பிரெஞ்சிலேயே பதில் சொன்னார். ஒரு அதிகாரியிடம் அம்மா தானாகப் பிரெஞ்சு பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பிழையான பிரெஞ்சு, சின்ன வசனம். அவள் வரவில்லை.

அதிகாரி ஒரு விசையைத் தட்டினார். கத்தரிக்கோல் இரண்டு முறை வெட்டியது. நீலமும் செம்மஞ்சளும் பெட்டிக்குள் மற்றப் பட்டிகளோடு விழுந்தன. பாலத்தில் இறங்கும்போது அம்மா ஒரே ஒருமுறை நின்று, ஆக உயரத்தில் இருந்த அந்தக் கண்ணாடி அறையை அண்ணாந்து பார்த்தார். அங்கே வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. நானும் பார்த்தேன். ஒருவரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பஸ்ஸில் அம்மா யன்னலோடு சாய்த்த தலையை எல்லை கடந்தும் எடுக்கவில்லை. நான் பட்டியைத் திருடியதற்குத்தான் கோபம் என்று நினைத்தேன். வெளியே சூரியன் வந்திருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு கண்ட சூரியன், கண் கூசியது. எனக்கு மறுபடியும் என் பெயர் கிடைத்த சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, பதிமூண்டு வயசு வந்தா நான் என்ர பேரிலையே மேல் அறைக்குப் போகலாம். அப்ப திரும்பக் கூட்டிக்கொண்டு வருவியளோ?"

அம்மா யன்னலிலிருந்து திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன.

"நீ பதினைஞ்சுக்கு வா" என்றார்.

"பதிமூண்டு காணும் அம்மா."

"பதினைஞ்சு. நீ பதினைஞ்சுக்கு வந்து சேர்ந்திடு. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

கப்பல் விதி ஒன்றும் விளங்காத ஒரு அம்மா எனக்கு வாய்த்திருக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. பதினைந்துக்கு இன்னும் எத்தனை வருடம் என்று விரலை மடக்கி எண்ணினேன். ஆறு. ஆறு வருடமா என்று முகத்தைச் சுளித்தேன். அம்மா என் கையை எடுத்து மடியில் வைத்து, மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, முதலிலிருந்து திரும்ப எண்ணத் தொடங்கினார்.